வேலை செய்த பாட்டில்

ஜனவரி 9

அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் பாட்டிலைத்தான் முதலில் எடுத்திருப்பாய், கடிதத்தை அப்புறம்தான். உன் சுபாவம் அது. உடையாமல் வந்ததா என்று பார். அம்மாவின் துண்டுகள் இரண்டைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அவை திரும்பி வர வேண்டும், அவள் கேட்பாள்.

போனில் சொல்வதற்கென்ன என்பாய். இந்த வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. நான் மொட்டைமாடிக்குப் போனால் கீழேயிருந்து "யாருடி, பெரியவளா?" என்று குரல் வரும். அதைவிட, நீ கடைசியாகப் போனில் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "பச்சிலைய அரைச்சு ஊத்தி அம்மாவக் கொன்னுடாதே." எழுத்து என்றால் கோபம் வரும் இடத்தில் மடித்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போகலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அம்மாவின் கை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். காலையில் விரல்கள் பூட்டிக்கொள்ளும். டம்ளரைப் பிடிக்க முடியாது, சீப்பைப் பிடிக்க முடியாது. அவளுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட ஆள் வேண்டும் என்றுதான் நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். பெரிய டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராமல் அவளே நிறுத்திவிட்டாள். அப்புறம்தான் நம் பின்பக்க வேலியில் படரும் கொடியைக் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கினேன். நீ சிரித்தாய். இப்போது கேட்டுக்கொள்: நேற்று ஊறுகாய் ஜாடியின் மூடியை அவளே திருகித் திறந்தாள். நான் திறக்க முடியாமல் அவளிடம் கொடுத்த மூடி அது.

நீ மருந்துகளைச் சோதிக்கிறவள். இதையும் சோதி. அம்மாவின் கைக்கு உயிர் கொடுத்த அதே மருந்தைத்தான் அனுப்பியிருக்கிறேன். எலி என்ன சொல்கிறதோ அதை எழுது. நீ சொல்வது வேண்டாம்.

தங்கை


ஜனவரி 21

சின்னவளுக்கு,

பாட்டில் உடையவில்லை. கடிதத்தை அப்புறம்தான் படித்தேன் என்பதும் உண்மை.

சோதிக்கிறேன். அனுமதி வாங்கியாகிவிட்டது. எப்படிச் செய்வோம் என்று தெரிந்துகொள், பிறகு ஏமாற்றினேன் என்று சொல்லாதே. எலியின் ஒரு பின்னங்காலில் ஊசி போடுவோம். அந்தப் பாதம் வீங்கும். கொஞ்ச நாளில் ஊசி போடாத கால்களும் வீங்கத் தொடங்கும், அம்மாவுக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனதே, அதுபோல. சில எலிகளுக்கு மருந்தே கிடையாது. சிலவற்றுக்கு நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஸ்டீராய்டு. சிலவற்றுக்கு உன் சாறு. கணுக்காலில் மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுவரை பாதத்தைத் தண்ணீர்க் குழாயில் முக்குவோம். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். அளப்பவருக்கு எது எந்த எலி என்று தெரியாது. நீ விடைத்தாள் திருத்தும்போது பெயரை மறைத்துவிடுவார்களே, அதேதான்.

முக்கும்போது எலி நம் முகத்தைப் பார்க்கும். இத்தனை வருஷமாகியும் நான் அந்தக் கண்ணைப் பார்ப்பதில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எனக்கு இரண்டு வேண்டும். எப்படிக் காய்ச்சுகிறாய் என்று ஒன்று விடாமல் எழுது. கொடியின் இலையிலும் ஒரு கட்டு அனுப்பு. எதையும் மறைக்காதே. உனக்காக நான் கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன்.

துண்டுகளைத் துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

"எதையும் மறைக்காதே." பெட்டிக்கடையில் மிட்டாய் திருடினவளிடம் பேசுவது போலப் பேசுகிறாய். அந்த மிட்டாயைத் திருடியது நீ, அடி வாங்கியது நான். அதையும் சோதனையில் சேர்த்துக்கொள்.

காய்ச்சுவது ஒரு பெரிய வித்தையில்லை. இளம் இலையும் தண்டும். அலசி, நசுக்கி, அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கால் பங்காக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். வடிகட்டி மறுபடி சுண்டவைத்தால் தேன் பதத்தில் வரும். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. பாட்டிலில் ஊற்றி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி, நான் எதிரே நின்று பார்த்தால்தான் உள்ளே போகும். குடிக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். அதில் நான் மறந்தாலும் அம்மா மறக்க மாட்டாள். "குலுக்கு, குலுக்கு, சத்தெல்லாம் அடியில நிக்கும்" என்பாள்.

இலையை அனுப்ப மாட்டேன். சாறைச் சோதிக்க இலை எதற்கு? நாளைக்கு உன் மேலதிகாரி பெயரில் ஒரு கட்டுரை வரும். அதில் என் வேலி இருக்கும், நான் இருக்க மாட்டேன். சந்தேகம் உனக்கு மட்டும் சொத்தா? எனக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

அம்மா நன்றாக இருக்கிறாள். கன்னம் நிறைந்து முகம் வட்டமாகிவிட்டது. பசி நன்றாக எடுக்கிறது. சாயங்காலம் தெருமுனைவரை தனியாக நடந்துவிட்டு வருகிறாள், துணைக்கு வருகிறேன் என்றால் கோபம் வருகிறது. எதிர்வீட்டுக்காரி, "உங்கம்மாவுக்குப் பத்து வயசு குறைஞ்சுடுச்சு" என்றாள். உன் சோதனையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "படிக்க வச்சது எலி மேய்க்கவா?" என்று கேட்டுவிட்டு உன் பட்டமளிப்புப் படத்தைத் துடைத்து வைத்தாள். உன்னை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு போன் பண்ணு. எலிக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறவளுக்கு அதற்கு நேரமில்லையா?

தங்கை


மார்ச் 12

சின்னவளுக்கு,

உன் சாறு வேலை செய்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. ஊசி போடாத கால்கள் வீங்கவே இல்லை.

நீ சந்தோஷப்படுவாய். எனக்கு அது வரவில்லை. ஒரு செடி இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை. வரைபடத்தில் உன் சாறு குடித்த எலிகளின் கோடு ஸ்டீராய்டு குடித்த எலிகளின் கோட்டின் மேலேயே போகிறது. ஒன்றைப் போட்டு இன்னொன்றை அழித்துவிட்டேனோ என்று நினைத்தேன். எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரம்மா பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று அவரிடமே கேட்டேன். "இருபது வருஷமா எலிக்கு ஊட்டறேன், எனக்கு ரெண்டு பாட்டில் தெரியாதா? இனிமே நீங்களே ஊட்டுங்க" என்று கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். இரண்டாம் முறை நானே ஊட்டினேன். அதே கோடுதான்.

எலிகள் இளைத்துப்போயின. கடைசியில் அறுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. அது எதனால் அப்படிச் சுருங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கேற்ற பதிலைத் தயாரித்துக்கொள்வாய். பாட்டிலில் மிச்சமிருப்பதைப் பக்கத்து அறையில் இருக்கும் வேதியியல்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

கேட்கிறதற்கு மட்டும் பதில் சொல். அம்மாவுக்குத் தோல் மெலிந்திருக்கிறதா? லேசாக இடித்துக்கொண்டாலும் நீலம் கட்டுகிறதா? இந்தச் சாற்றில் வேறு என்ன கலக்கிறாய்? எனக்கு அனுப்பிய பாட்டிலில் மட்டும் கலந்தாயா, அம்மாவுக்கும் கொடுக்கிறாயா?

ஜெயிக்க வேண்டும் என்று எதையாவது செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடு. திட்ட மாட்டேன். இந்தக் கடிதம் கண்டதும் அம்மாவுக்குக் கொடுப்பதை அடியோடு நிறுத்து.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நிறுத்த மாட்டேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்றால் உனக்குச் சிரிப்பு, வேலை செய்தால் சந்தேகம். நான் என்ன செய்தால் உன் முகம் மலரும் என்று எந்தக் குழாயில் முக்கி அளப்பது? முழுக் கொடியையும் வெட்டி எறிந்துவிட்டு, அம்மாவின் விரல்கள் மறுபடி பூட்டிக்கொள்வதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போது உன் கணக்கு சரியாகிவிடும்.

நான் எதையும் கலக்கவில்லை. தண்ணீர், இலை, தண்டு, நெருப்பு. நம் அப்பா மேல் ஆணை என்று எழுதினால் நீ அப்பாவையும் சோதனைக்கு அனுப்பச் சொல்வாய், அதனால் எழுதவில்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். தோல் மெலிந்துதான் இருக்கிறது, எழுபது வயதில் எருமைத் தோலா இருக்கும்? நீலம் கட்டுகிறது. போன வாரம் கதவில் இடித்த இடம் இன்னும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. இதெல்லாம் நீ எப்படி அங்கிருந்தே கேட்கிறாய் என்று நினைத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இன்னொன்று. நீ எழுதும் கடிதங்களை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம், திட்டுகளை மட்டும் விட்டுவிட்டு. இந்தக் கடிதத்தில் மிஞ்சியது எலி மட்டும்தான். கேட்டுவிட்டு, "எலியெல்லாம் செத்துப்போச்சா?" என்றாள். அறுத்துப் பார்க்க வேண்டுமே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டில்ல என்னென்ன இருக்குன்னு மிஷின்ல போட்டா தெரிஞ்சுடுமா?" என்று கேட்டாள். தெரியும் போலிருக்கிறது என்றேன். அன்றைக்கு அவள் நடக்கப் போகவில்லை.

இலை கேட்டாயே. கட்டுக் கட்டாகக் காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீயே உன் கையால் காய்ச்சு. நீ காய்ச்சியதில் நான் என்னத்தைக் கலக்க முடியும், பார்க்கலாம்.

தங்கை


மார்ச் 27

சின்னவளுக்கு,

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. அவள் கண்ணில் படாத இடத்தில் நின்று படி.

முதலில், மருந்தை நிறுத்தாதே. ஒரு வேளைகூட விடாதே. நேற்று உன் கைபேசிக்கு அனுப்பிய செய்தியும் அதுதான். ஏன் என்று கேட்காமல் "சரி" என்று மட்டும் பதில் போட்டாய். அந்த "சரி"யை நான் பலமுறை திறந்து பார்த்தேன்.

வேதியியல்காரர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்று நீ அனுப்பிய பாட்டில், இன்னொன்று உன் இலையை நான் காய்ச்சியது. "இதுல ஸ்டீராய்டு இருக்கு, இதுல இல்ல. ஒரே செடிதானா மேடம்?" என்றார். ஒரே செடிதான். ஆகவே நீ கலந்தாய் என்று முடிவு கட்டி உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை நீ பார்க்கவே வேண்டாம். உறையை ஒட்டும்போது, நான் கேட்ட தோலும் நீலமும் நினைவுக்கு வந்தன. எனக்கு அனுப்பிய பாட்டிலில் மட்டும் நீ கலந்திருந்தால் அம்மாவுக்கு ஏன் முகம் வட்டமாகிறது? அவளுக்கும் நீ கலந்து கொடுத்தால், நீலம் கட்டிய இடத்தின் நிறத்தைக்கூட ஏன் எனக்கு எழுதுகிறாய்? உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். "குலுக்கு, குலுக்கு." வடிகட்டிய இலைச்சாறு அடியில் தங்காது. தங்குவது பொடி.

வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள். நீ வேலிப் பக்கம் இருப்பதாகச் சொன்னாள். நான் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. "எந்தக் கடைலம்மா வாங்கறே?" என்றேன்.

அவள் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம், "தெருமுனை மருந்துக்கடைலதான். அவன் நல்ல மாத்திரைன்னான். மொத தடவை என்னால பொடிக்க முடியலன்னு அவனே பொடிச்சுக் குடுத்தான்" என்றாள்.

"சின்னவகிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வலி நின்னுபோச்சு. அவ தன்னோட மருந்துதான்னு நெனச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. வேலைய விட்டு வந்ததுலேருந்து அவ சிரிச்சு நான் பாக்கலடி. அப்புறம் எப்படிச் சொல்றது? மாத்திரையா வச்சிருந்தா எடுத்துப் பாத்துடுவா. அதான் புது பாட்டில் வந்ததும் மொத்தமாப் பொடிச்சு அதுலயே போட்டுட்டேன்."

"அவகிட்ட சொல்லிடாதே" என்று வேண்டிக்கொண்டாள். நான் சரி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நீ இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இத்தனை மாதமாக இது உள்ளே போயிருக்கிறது என்று அவரிடம் சொல். இதைப் பழகிய உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நான் போன கடிதத்தில் அடியோடு நிறுத்து என்று எழுதினேன். வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுக்கிறவள் நான். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பாட்டிலின் மறுபக்கம் அம்மா இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீ சொன்ன பேச்சைக் கேட்காதவள். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என் கை வரவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று மிச்சமிருக்கிறது. அம்மாவின் பாட்டிலில் போட்டது எனக்கு அனுப்பிய பாட்டிலில் எப்படி வந்தது?

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்று படித்தேன். வெளியே வந்தபோது அம்மா, "இவ்வளவு நேரம் குளிச்சியே, தலை ஈரமே ஆகலியே" என்றாள். இந்த வீட்டில் சந்தேகத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

டாக்டரிடம் போனோம். வெளியே நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையும் திட்டினார், அந்தக் கடைக்காரனையும் திட்டினார். இப்போது அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அளவாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம், தலைமாட்டுப் பாட்டிலில் இருப்பது வெறும் சாறுதான். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு ஒரு மருந்தும் தொடங்கியிருக்கிறார். அது வேலை செய்ய நாளாகுமாம். வலது கை விரல்கள் மறுபடி வீங்கத் தொடங்கிவிட்டன. ஜாக்கெட் கொக்கி மறுபடி என் வேலை.

உன் கேள்விக்குப் பதில். அனுப்புகிற அன்று புதிதாகக் காய்ச்சிய சாறு அடுப்படியில் ஒரு பாட்டில் நிறைய இருந்தது. அதைத்தான் துண்டில் சுற்றினேன். சுற்றும்போது ஒரு யோசனை. இது இன்னும் யாரையும் குணமாக்காத பாட்டில். அம்மாவின் தலைமாட்டில் இருப்பதோ வேலை செய்த பாட்டில். இரண்டு நாளுக்கு முன்னால்தான் வைத்தது, முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. நீ எப்படியும் குறை கண்டுபிடிப்பாய், அதனால் நிரூபித்ததையே அனுப்பிவிடுவோம் என்று இரண்டையும் மாற்றிவிட்டேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே ஒட்டினேன்.

புதுப் பாட்டிலை அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள் போல. மறுநாளே தெருமுனைக்கு நடக்கப் போனாள். எனக்கு இப்போதுதான் அது உறைக்கிறது.

எனக்குத் தெரியும் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. காலையில் நான் கரண்டியை நீட்டுகிறேன், அவள் குடிக்கிறாள். இருவரும் நடிக்கிறோம். அவள் என்னைவிட நன்றாக நடிக்கிறாள். ஆனால் "குலுக்கு" என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

என் சிரிப்புக்காக அவள் முகம் வீங்க வீங்கக் குடித்திருக்கிறாள். இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணி துவைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ அனுப்பிய துண்டுகளை மூன்று முறை துவைத்துவிட்டேன்.

நீ காய்ச்சிய வெறும் இலை எலியை என்ன செய்தது? பாவம் என்று பார்த்து எழுதாதே. கூட்டாமல், குறைக்காமல்.

தங்கை


ஜூன் 8

சின்னவளுக்கு,

அவசரப்பட்டு எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். கூண்டுக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையே ஊட்டச் சொன்னேன். "பாட்டில்ல எழுதி வைங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். நான் அளக்கவில்லை. எனக்கு உன் இலை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசைப்படுகிறவள் கணுக்காலில் கோட்டைக் கொஞ்சம் கீழே போட்டுவிடுவாள். அதனால் எது எந்த எலி என்று தெரியாத இருவரை அளக்கவைத்தேன்.

வெறும் இலை குடித்த எலிகளின் வீக்கம், ஒன்றும் குடிக்காதவற்றைவிடக் கொஞ்சம் குறைவு. ஊசி போடாத கால்கள் வீங்கத்தான் செய்தன, கொஞ்சம் தாமதமாக. எடை குறையவில்லை. தைமஸ் சுருங்கவில்லை. இந்தக் கொஞ்சம் தற்செயலா உண்மையா என்று இன்னொரு முறை செய்தால்தான் சொல்ல முடியும். ஜாடி மூடியைத் திறக்கவைக்கும் மருந்து இது இல்லை. அதை நீ எதிர்பார்க்காதே. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் என்னால் எழுத முடியவில்லை.

உன்னைச் சமாதானப்படுத்த இந்தக் "கொஞ்ச"த்தைச் சேர்த்துவிட்டேன் என்று நீ சந்தேகப்படலாம். உனக்கு அந்த உரிமை உண்டு. அதனால் அளந்தவர்கள் எழுதிய தாளையே இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே கூட்டிப் பார்.

மறுபடி செய்ய எனக்கு ஒரு பாட்டில் வேண்டும். இந்த முறை நான் காய்ச்சியது வேண்டாம். நீ காய்ச்சியது வேண்டும். நான் காய்ச்சினால் அடிப்பிடிக்கிறது.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறேன். "எலிங்க சௌக்கியமா?" என்று கேட்கிறாள். நான் உன்னைப் பற்றிக் கேட்பதற்குள் போனை வைத்துவிடுகிறாள்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

தாளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் உன் ஆட்கள் தசமப் புள்ளியை மறந்திருக்கிறார்கள். அதைச் சேர்த்தாலும் விடை மாறவில்லை. கொஞ்சம்தான். ஏற்றுக்கொள்கிறேன்.

பாட்டில் இத்துடன் வருகிறது. அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவைத்து, ஊற்றி, மூடிமேல் மெழுகு உருக்கி ஒட்டினேன். எல்லாம் நானே, அம்மா பக்கத்தில் வராதபோது. கடைசியில் நூல் கட்டும்போது பிடிப்பதற்கு இன்னொரு கை தேவைப்பட்டது. திரும்பினால் அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறாள், எவ்வளவு நேரமாகவோ.

"யாருக்குடி இத்தனை காவல்?" என்றாள்.

"எலிக்கு" என்றேன்.

வந்து வீங்கிய விரலை முடிச்சின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் நூலை இழுத்துக் கட்டும்வரை எடுக்கவில்லை. வலித்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல், "எலியாவது கலப்படம் இல்லாமக் குடிக்கட்டும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

துண்டுகள் திரும்பி வர வேண்டும்.

தங்கை